வந்தவருக்குத் திறந்த வாசல்: கன்னட இதழ்கள் குறித்து ஒரு திறனாய்வு

ஓர் இதழை எவ்வாறு மதிப்பிடுவது? எத்தனை ஆண்டுகள் வெளிவந்தது என்று கேட்பர் சிலர். எத்தனை படிகள் விற்றன என்று கேட்பர் வேறு சிலர். அதில் எழுதியோர் பின்னாளில் எத்துணைப் புகழ் எய்தினர் என்று கணக்கிடுவோரும் உண்டு. இம்மூன்றும் பொருளுள்ள கேள்விகளே. ஆயினும் இவற்றுக்கு முன்னர்க் கேட்கத்தக்க வேறொரு கேள்வி உண்டு என நாம் கருதுகிறோம். அவ்விதழ் யாருக்கு இடம் கொடுத்தது? அதுவரை அம்மொழியின் அச்சுப் பக்கத்தில் குரல் கேட்கப்படாதிருந்த எவரை அது உள்ளே அழைத்து அமர்த்தியது? இக்கேள்வியை அளவுகோலாகக் கொண்டு, கன்னட மொழியில் வெளிவந்த சில இதழ்களை எண்ணிப் பார்ப்பதே இக்கட்டுரையின் நோக்கம்.

கன்னடத்தைத் தேர்ந்தமைக்குக் காரணம் உண்டு. நம் புதுக்கோட்டை மாவட்டத்தின் அறந்தாங்கிப் பகுதி கல்லணைக் கால்வாயின் கடைமடை. மேட்டூர் நிரம்பி, கல்லணை கடந்து, கால்வாய் முழுதும் பாய்ந்த பின்னரே அங்குள்ள வயலுக்கு நீர் வரும். ஆதலால் 'கர்நாடகம்' என்னும் சொல் நம் உழவர் வாயில் பெரும்பாலும் அணையின் நீர்மட்டத்தோடு சேர்ந்தே வருகிறது. 1991-ஆம் ஆண்டு காவிரி நடுவர் மன்றத்தின் இடைக்காலத் தீர்ப்பை ஒட்டி, அவ்வாண்டு டிசம்பரில் பெங்களூரில் தமிழர்மீது வன்முறை நிகழ்ந்தது. 2016 செப்டம்பரிலும் அந்நகரில் தீ எரிந்தது. இத்தகைய செய்திகள் வழியாக மட்டுமே ஓர் அண்டை மக்களை அறிந்து வருவோமாயின், அவர்களுடைய சினத்தைத் தவிர வேறொன்றையும் அறியாதவர் ஆவோம். அவர்கள் மனத்தை அறிய வேண்டின் அவர்கள் தமக்குள் பேசிக்கொண்ட ஏடுகளைப் புரட்ட வேண்டும். கன்னட எழுத்தை நேரே படிக்க வல்லார் நம்மிடையே சிலரே. ஆயினும் பாவண்ணன், தி.சு. சதாசிவம், நஞ்சுண்டன், கே. நல்லதம்பி முதலியோரின் மொழிபெயர்ப்புகள் அவ்வழியை நமக்கு ஓரளவு திறந்து வைத்துள்ளன.

கல்லச்சில் பிறந்த முதல் ஏடு

கன்னடத்தின் முதல் செய்தி ஏடு 'மங்களூரு சமாச்சார'. 1843-ஆம் ஆண்டு ஜூலை முதல் நாள், மங்களூரில், கல்லச்சில் அது வெளிவந்தது. அதன் ஆசிரியர் ஹெர்மன் மோக்ளிங் என்னும் செர்மானியர். பாசல் மிஷன் என்னும் சீர்திருத்தச் சபை அமைப்பின் மறைபரப்பாளராக 1836-இல் இந்நாட்டுக்கு வந்தவர். மாதம் இருமுறை வந்த அவ்வேட்டில் ஊர்ச் செய்தியும் அரசாணையும் அயல்நாட்டுச் செய்தியும் கதையும் இடம்பெற்றன. எட்டு மாதங்களில் அது பெல்லாரிக்கு இடம் மாறி, 'கன்னட சமாச்சார' என்று பெயர் பூண்டது. அதன் ஆயுள் குறுகியது. எனினும் கர்நாடக இதழாளர் இன்றும் ஜூலை முதல் நாளைப் பத்திரிகை நாளாகக் கொண்டாடுகின்றனர்.

தமிழ் வாசகருக்கு இக்கதை புதிதன்று. 1578-இல் கொல்லத்தில் 'தம்பிரான் வணக்கம்' அச்சேறியபோது அதன் பின்னே நின்றவர் போர்த்துக்கீசியரான அண்டிறீக்கு அடிகளார். 1831-இல் சென்னையில் 'தமிழ் மேகசின்', 1841-இல் யாழ்ப்பாணத்தில் 'உதயதாரகை' என நம் இதழ் வரலாற்றின் தொடக்கமும் மறைபரப்பு அமைப்புகளின் அச்சகத்தில்தான் அமைந்தது. இதை நினைந்து பெருமை கொள்வது கிறிஸ்தவ ஏடுகளில் வழக்கமாகிவிட்டது. பெருமையோடு நின்றுவிடாமல் சற்று ஆராய்ந்தும் பார்ப்போம்.

மோக்ளிங் நோக்கமின்றி இதழ் நடத்தவில்லை. சமயம் பரப்ப வந்தவர் அவர். அந்நிய ஆட்சியின் நிழலில் இயங்கியவர். இவற்றை மறைத்து அவரைத் தூய மொழித் தொண்டராக மட்டும் காட்டுவது நேர்மையாகாது. ஆயினும் அவரை அந்நோக்கத்துக்குள் மட்டும் அடைத்துவிடுவதும் நேர்மையாகாது. வைணவ தாசர்களின் பாடல்களைத் திரட்டி அச்சிட்டவர் அவர். கசமேஜர் என்னும் முன்னாள் நீதிபதியின் பொருளுதவியோடு, பழங்கன்னட நூல்களை வரிசையாகப் பதிப்பித்தவரும் அவரே; வீரசைவர் போற்றும் பசவ புராணமும் அவ்வரிசையில் அடங்கும். கற்பிக்க வந்தவர், வந்த இடத்து மக்களின் ஓலைகளுக்கு முன் மாணவராக அமர்ந்தார். தம் சமயத்தவர் அல்லாதாரின் பாடலுக்கும் தம் அச்சகத்தில் இடம் கொடுத்தார். மோக்ளிங்கின் சிறப்பை இவ்விடத்தில்தான் காண்கிறோம். 1858-இல் தூபிங்கன் பல்கலைக்கழகம் அவருக்கு முனைவர் பட்டம் அளித்துப் பெருமைப்படுத்தியதும் இத்தொண்டுக்காகவே.

தமிழ் பேசிய கன்னட ஆசிரியர்

மோக்ளிங் கடல் கடந்து வந்தவர். இனி நாம் காணும் ஆசிரியர் கோலார் மாவட்டத்தில் பிறந்தவர். எனினும் அவரும் வேறொரு மொழியின் வீட்டிலிருந்து கன்னடத்துக்குள் வந்தவரே. மாஸ்தி வெங்கடேச ஐயங்காரின் தாய்மொழி தமிழ். 1891-இல் பிறந்து, சென்னையில் ஆங்கில இலக்கியம் பயின்று, மைசூர் அரசுப் பணியில் உயர் பதவி வகித்து, 1943-இல் அதிலிருந்து விலகினார். மறு ஆண்டு, தார்வாடில் தோன்றிய 'ஜீவன' என்னும் மாத இதழின் பொறுப்பை ஏற்றார். 1965 வரை, இருபது ஆண்டுகளுக்கு மேலாக அதை நடத்தினார். கன்னடச் சிறுகதையின் தந்தை என அவரைப் போற்றுவர். 'மாஸ்தி கன்னடத்தின் ஆஸ்தி' என்பது அந்நாட்டில் பழமொழி போலவே வழங்குகிறது. 1983-ஆம் ஆண்டுக்கான ஞானபீட விருது 'சிக்கவீர ராஜேந்திர' நாவலுக்காக அவருக்குக் கிடைத்தது.

வீட்டில் தமிழ் பேசிய ஒருவர் இன்னொரு மொழியின் ஆஸ்தி எனப் பெயர் பெற்றது எவ்வாறு? அம்மொழி அவரிடம் பிறப்புச் சான்று கேட்கவில்லை என்பதே விடை. மாஸ்தி ஒருவரோடு இது முடியவில்லை. கன்னடக் கவிதையின் சிகரமாகிய த.ரா. பேந்திரேயின் வீட்டு மொழி மராத்தி. நாடகாசிரியர் கிரீஷ் கார்னாடின் தாய்மொழி கொங்கணி. கன்னடக் குழந்தைகளுக்குப் பாடல் தந்த ஜி.பி. ராஜரத்னம் தமிழ்க் குடும்பத்தில் பிறந்தவர். பல மொழியார் ஒரு மொழியின் பந்தியில் அமர்ந்து உண்டனர். உண்டதோடு நில்லாது பரிமாறவும் செய்தனர்.

'ஜீவன' இதழின் இயல்பு அதன் ஆசிரியரின் இயல்பே. அடக்கம், நிதானம், எதிர்க்கருத்தாளரையும் மரியாதையோடு அணுகும் பண்பு ஆகியவை அதன் அழகுகள். மாஸ்தி ஆழ்ந்த வைணவப் பற்றுடையவர். அப்பற்று அவரைப் பிறர் வாசலுக்குச் செல்லவொட்டாமல் தடுக்கவில்லை. உருசிய அறிஞர் டால்ஸ்டாயை 'மகரிஷி' என்று அழைத்து அவரை மாந்தராக்கிச் சிறுகதை எழுதியவர் அவர். தம் நம்பிக்கையில் வேரூன்றியவருக்கே பிறர் நம்பிக்கையின் அருகே அச்சமின்றி அமர இயலும் என்பதற்கு மாஸ்தி ஒரு சான்று.

குறையும் கூற வேண்டும். மாஸ்தியின் உலகில் துன்பம் உண்டு. ஆனால் அத்துன்பத்தை விளைத்தோர்மீது சினம் குறைவு. வாழ்க்கை இறுதியில் இணங்கிப் போகும் என்னும் அமைதி அவர் கதைகளில் பரவிக் கிடக்கிறது. சேரியில் இருந்தவனும் அடுக்களையில் இருந்தவளும் அவ்வமைதியை ஏற்றனரா என்று யாரும் கேட்கவில்லை. பண்புள்ள இல்லத்துக்கும் இது நேரக்கூடும். வந்தோரை இன்முகத்தோடு வரவேற்கும் அவ்வீட்டில், வாசற்படி ஏறவே துணியாமல் தெருவில் நிற்போர் கண்ணில் படாமல் போவதுண்டு.

'சாக்ஷி'யும் 'எழுத்து'ம்

அவ்வமைதியைக் கலைக்க வந்தோர் நவ்யர் எனப்பட்ட புதுமையாளர். அவர்களுள் முதல்வரான கவிஞர் கோபாலகிருஷ்ண அடிகா 1962-இல் 'சாக்ஷி' என்னும் காலாண்டிதழைத் தொடங்கினார். தமிழில் சி.சு. செல்லப்பா 1959 ஜனவரியில் 'எழுத்து' இதழைத் தொடங்கி, தம் கைப்பொருளை இழந்தும் 119 இதழ்கள் கொண்டுவந்ததை இதனோடு ஒப்பிடலாம். இரண்டும் புதுக்கவிதைக்கும் கறாரான விமரிசனத்துக்கும் இடம் அளித்தன. இரண்டும் பெருங்கூட்டத்தை நாடவில்லை. வாசகனைப் பயிற்றுவிப்பதே தம் கடன் எனக் கொண்டன.

இலக்கியத்தின் தரத்தை உயர்த்தியதில் இவற்றின் பங்கு பெரிது. எனினும் நம் அளவுகோலால் அளந்தால் ஒரு குறை புலப்படும். பழைய வாசலை இடித்த இவர்கள் கட்டிய புதிய வாசல், ஆங்கிலம் பயின்ற நடுத்தர வகுப்பினருக்கு எளிதாகவும் பிறர்க்கு உயரமாகவும் இருந்தது. தனிமனிதனின் உள் நெருக்கடியைப் பேசிய அளவுக்கு ஊரின் நெருக்கடியை நவ்யம் பேசவில்லை என்று கன்னடத்திலேயே குரல்கள் எழுந்தன. 1970-களில் தலித் எழுத்தும் 'பண்டாய' எனப்பட்ட எதிர்ப்பு இலக்கியமும் அக்குறையைச் சுட்டியே எழுந்தன. தேவனூரு மகாதேவ போன்றோர் தம் மக்களின் பேச்சு மொழியையே இலக்கிய மொழியாக்கினர். எவரை உள்ளே விடுவது என்ற கேள்வி, எந்தப் பேச்சை உள்ளே விடுவது என்ற கேள்வியாகவும் விரிந்தது.

விளம்பரம் ஏற்காத வார இதழ்

இப்பின்னணியில் 1980 ஜூலையில் பிறந்ததே 'லங்கேஷ் பத்திரிகெ'. ஆங்கிலப் பேராசிரியராகவும் கதாசிரியராகவும் திரைப்பட இயக்குநராகவும் பெயர் பெற்ற பி. லங்கேஷ் அதை நடத்தினார். விளம்பரம் எதையும் ஏற்காமல், வாசகர் தரும் விலையை மட்டுமே நம்பி நடந்த வார இதழ் அது. விளம்பரம் தருவோரின் முகம் பார்த்து எழுத வேண்டிய நிலை இல்லாமையால், ஆட்சியாளரை எதிர்க்கும் துணிவு அதற்கு வாய்த்தது. அக்காலத்து முதலமைச்சர் குண்டுராவின் அரசை அது வாரந்தோறும் கடுமையாகச் சாடியது.

ஆயினும் அவ்விதழின் நிலைத்த பெருமை அரசியற் சாடலைவிட வேறொன்றில் உள்ளது என்பது நம் துணிபு. காசர்கோட்டில் மலையாளம் பேசும் முஸ்லிம் குடும்பத்தில் பிறந்து, கன்னட வழிக் கல்வி பெற்றவர் சாரா அபூபக்கர். அவரது முதல் நாவல் 'சந்திரகிரிய தீரதல்லி' இவ்விதழில்தான் தொடராக வந்தது. தி.சு. சதாசிவம் 'சந்திரகிரி ஆற்றங்கரையில்' எனத் தமிழில் அதைத் தந்துள்ளார். தந்தையின் பிடிவாதத்தால் கணவனிடமிருந்து பிரிக்கப்பட்ட நாதிரா என்னும் இளந்தாயின் கதை அது. மணவிலக்குக்குப் பின் மீண்டும் தன் கணவனையே அவள் அடைய வேண்டுமாயின், இடையில் வேறொருவனை ஒரு நாளேனும் மணந்து விலக்குப் பெற வேண்டும் என்கிறது ஊரார் கொண்ட வழக்கம். அவ்வழக்கத்தின்முன் நின்று அவள் உயிர் துறக்கிறாள். ஒரு சமுதாயத்துக்குள்ளிருந்து ஒரு பெண் தன் மக்களிடமே அன்போடும் வலியோடும் கேட்ட கேள்வியாகவே அந்நாவலை நாம் காண்கிறோம்.

பானு முஷ்தாக் 1980-களில் இதே 'லங்கேஷ் பத்திரிகெ'யில் செய்தியாளராகப் பணியாற்றியவர். வீட்டு மொழி உருது. எட்டு வயதில், சிமோகாவில் கிறிஸ்தவ மறைபரப்பாளர் நடத்திய கன்னடப் பள்ளியில் சேர்க்கப்பட்டார். ஆறு மாதங்களுக்குள் கன்னடம் எழுதப் படிக்கக் கற்றாக வேண்டும் என்பது சேர்க்கைக்கு விதித்த நிபந்தனை. அச்சிறுமி சில நாள்களிலேயே எழுதத் தொடங்கினாள். 2025-ஆம் ஆண்டு அவர் கதைகளின் ஆங்கில மொழிபெயர்ப்பான 'ஹார்ட் லேம்ப்' அனைத்துலக புக்கர் பரிசு பெற்றது. மொழிபெயர்த்தவர் தீபா பாஸ்தி. கன்னட நூலொன்று அப்பரிசைப் பெற்றது அதுவே முதன்முறை. உலகம் அப்பரிசைக் கண்டு வியந்தது. நாம் அதற்கு முன்னிருந்த மூன்று வாசல்களையும் நினைக்கிறோம். வேற்று மொழிச் சிறுமிக்கு இடம் தந்த பள்ளி ஒன்று. அவரது முதல் கதையை வெளியிட்ட 'பிரஜாமத' என்னும் இதழ் ஒன்று. ஊர் ஊராய்ச் சென்று மக்கள் துயரை எழுத வேலை தந்த வார இதழ் ஒன்று. இம்மூன்றுள் எது மூடியிருந்தாலும் அக்கதைகள் நம்மை வந்து அடைந்திருக்குமா என்பது ஐயமே.

'லங்கேஷ் பத்திரிகெ'யின் குறையையும் மறைக்கலாகாது. அதன் சாடல் சில வேளைகளில் தனிமனித இழிவாக இறங்கியது. அரசியலாருக்குப் பட்டப்பெயர் சூட்டி நகைப்பது வாசகனுக்குச் சுவையாக இருந்திருக்கலாம். அதனால் நீதி வளர்ந்தது என்று சொல்ல முடியாது. பின்னாளில் பெருகிய பரபரப்பு ஏடுகள் லங்கேஷின் துணிவை விட்டுவிட்டு, அவரது கடுஞ்சொல்லை மட்டும் எடுத்துக்கொண்டன. 2000-ஆம் ஆண்டு அவர் மறைந்தார். அவர் மகள் கௌரி லங்கேஷ் தாம் நடத்திய இதழில் தந்தையின் வழியைத் தொடர்ந்தார். 2017 செப்டம்பர் 5 அன்று பெங்களூரில் தம் வீட்டு வாசலிலேயே சுட்டுக் கொல்லப்பட்டார். ஓர் ஏட்டின் வாசலைத் திறந்து வைப்பதற்கு இந்நாட்டில் என்ன விலை தர நேரும் என்பதை அக்கொலை காட்டிற்று.

நம் ஊர் ஏடுகள்

அண்டை வீட்டை அளந்த கோலால் நம் வீட்டையும் அளப்பதே முறை. புதுக்கோட்டைக்கு இதழ் வரலாற்றில் தனி இடம் உண்டு. 1947-இல், இம்மண் இன்னும் தொண்டைமான் மன்னரின் தனியரசாக இருந்தபோதே, முருகு சுப்பிரமணியன் ஆசிரியராக, அரு. பெரியண்ணன் துணையோடு 'பொன்னி' இதழ் இங்கிருந்து வெளிவந்தது. 'பாரதிதாசன் பரம்பரை' என்னும் தலைப்பில் இளங்கவிஞர்களை அது தொடர்ந்து அறிமுகம் செய்தது. சுரதா, முடியரசன் போன்றோர் அவ்வரிசையில் விளங்கினர். பெயர் அறியாத இளைஞனைப் பெயர் சொல்லி அழைத்து மேடையேற்றிய அச்செயல் இதழ்ப் பணியின் உயிர்நாடி. எனினும் 'பரம்பரை' என்னும் அச்சொல்லிலேயே அதன் எல்லையும் உள்ளது. ஒரே ஆசானை, ஒரே யாப்பை, ஒரே கொள்கையை ஏற்றோருக்கு அவ்வாசல் அகலத் திறந்தது. மற்றவருக்கு அவ்வளவாகத் திறக்கவில்லை.

இராயவரத்தில் 1922-இல் பிறந்த அழ. வள்ளியப்பாவை ராஜரத்னத்தோடு இணைத்து எண்ணுவது பொருந்தும். ஒருவர் வங்கிப் பணியாளர். மற்றவர் கன்னடப் பேராசிரியர். இருவரும் புலமை உலகம் பொருட்படுத்தாத ஒரு வாசகக் கூட்டத்தை, அதாவது குழந்தைகளை, இலக்கியத்தின் முற்றத்துக்கு அழைத்து வந்தனர். வள்ளியப்பா 'பூஞ்சோலை', 'கோகுலம்' முதலிய சிறுவர் இதழ்களின் ஆசிரியராக விளங்கியதோடு, 1950-இல் குழந்தை எழுத்தாளர் சங்கத்தையும் தொடங்கி, அவர்களுக்கு எழுதுவோரையும் ஒன்றுசேர்த்தார். அதே இராயவரத்தவரான வை. கோவிந்தன் 1939-இல் சென்னையில் தொடங்கிய 'சக்தி' இதழோ உலக இலக்கியத்தைத் தமிழ் வாசகர் வீட்டுக்குக் கொண்டுவந்தது. அயல்மொழி எழுத்தைச் சொந்த எழுத்தைப்போல் உபசரித்த ஏடு அது. இத்தகைய பழைய இதழ்களை அழியவிடாமல் புதுக்கோட்டையில் திரட்டிக் காத்தனர் ஞானாலயா நூலகத்தை உருவாக்கிய பா. கிருஷ்ணமூர்த்தி – டோரதி இணையர்.

இவற்றுக்கெல்லாம் இருநூறு ஆண்டுகள் முற்பட்ட நினைவு ஒன்றும் இம்மாவட்டத்துக்கு உண்டு. ஆவூர்ப் பங்கில் பணியாற்றியோருள் வீரமாமுனிவரும் ஒருவர். இத்தாலியில் பிறந்த அவருக்குத் தமிழ் தன் காப்பிய வாசலையும் அகராதி வாசலையும் உரைநடை வாசலையும் ஒருசேரத் திறந்தது. மாஸ்தியைக் கன்னடம் ஏற்றதற்கு வியக்கும் நாம், நம் மொழியும் முன்னரே அவ்வாறு ஏற்று வளம் பெற்றது என்பதை மறக்கலாகாது. வந்தவரை ஏற்ற மொழி எதுவும் அதனால் தேய்ந்துவிடவில்லை.

நம் கையில் உள்ள ஏடு

இனிச் சொல்ல வருவது நம் கத்தோலிக்க இதழ்களைப் பற்றியது. 1963 டிசம்பரில் இரண்டாம் வத்திக்கான் சங்கம் சமூகத் தொடர்புக் கருவிகள் பற்றித் தனி ஆணை ஒன்றையே வெளியிட்டு, நல்ல இதழ்களை வளர்க்கும் பொறுப்பைப் பொதுநிலையினருக்கும் உரியதாக்கியது. அதன் பின்னர்த் தமிழக மறைமாவட்டங்களில் இதழ்கள் பல தோன்றின. அவற்றின் உழைப்பை நாம் குறைத்து மதிப்பிடவில்லை. ஆயினும் வாசகர் ஒருவர் இத்தகைய மாத இதழ்கள் பத்தினை எடுத்து, மேற்கண்ட அளவுகோலால் அளந்து பார்க்கட்டும். திருவிழாப் படங்களும் வெள்ளிவிழா வாழ்த்துகளும் ஆயரின் பயண நிரலும் எத்தனை பக்கம்? கல்வி பெற்ற, எழுதிப் பழகிய சிலரின் கட்டுரைகள் எத்தனை பக்கம்? வெளிநாட்டுக்கு உழைக்கச் சென்ற கணவனின் அழைப்புக்காகக் காத்திருக்கும் பெண், ஆழ்குழாய்க் கிணறு வற்றியதால் நிலத்தை விட்ட உழவர், நாற்பது ஆண்டுகள் கிராமத்தில் மறைக்கல்வி கற்பித்து ஓய்ந்த வேதியர் ஆகியோர் தம் வாயால் பேசும் பக்கம் எத்தனை?

சாராவின் நாவலைப் படித்துவிட்டுப் பிற சமயத்தின்மேல் விரல் நீட்டுவது எளிது. இறந்தபின்னும் பிரிக்கும் சாதிச் சுவர் கல்லறைத் தோட்டத்தில் எழுந்த கத்தோலிக்க ஊர்கள் தமிழகத்தில் உண்டு. அச்சுவருக்கு அப்பால் தன் தாயைப் புதைத்த மகன் எழுதிய கதை எந்த மறைமாவட்ட இதழில் வந்தது? இக்கேள்விக்கு முழுதும் வெறுங்கையோடு நாம் நிற்க வேண்டியதில்லை. 1992-இல் பாமாவின் 'கருக்கு' வெளிவந்தது. தலித் கத்தோலிக்கப் பெண் ஒருவர், துறவற இல்லத்தில் தாம் கண்ட சாதியையும் சேர்த்து, தம் மக்களின் பேச்சு மொழியிலேயே எழுதிய தன்வரலாறு அது. அதை வெளியிட்டது மதுரையில் இயேசு சபையினர் நடத்திய ஆய்வு மையம் என்பதை நன்றியோடு நினைவுகூர்வோம். திருஅவையைக் குறைகூறிய நூலுக்குத் திருஅவையின் பிள்ளைகளே வாசல் திறந்தனர். அதனால் திருஅவை தாழ்ந்துவிடவில்லை. தன் முகத்தைத் தானே காணும் துணிவு அதற்கு உண்டு என்றே உலகம் அறிந்தது.

எதிர்வாதங்கள் இரண்டினை எதிர்பார்க்கலாம். எல்லாரையும் எழுத விட்டால் தரம் குன்றாதா என்பது ஒன்று. தரம் காப்பது ஆசிரியரின் கடமை. வாசலை மூடுவது அதற்கு வழி ஆகாது. மாஸ்தி வந்த எழுத்தையெல்லாம் அச்சிட்டவர் அல்லர். ஆனால் எழுதியவர் இன்னார் என்பதற்காக எதையும் திருப்பியவரும் அல்லர். பிறர் குரல் பெருகினால் நம் விசுவாசம் நீர்த்துப் போகாதா என்பது மற்றொன்று. எம்மாவு நோக்கி நடந்த சீடர் இருவரும் வழியில் சேர்ந்த அந்நியரைத் தங்களோடு தங்குமாறு வருந்தி அழைத்தனர். அழைக்காமல் விட்டிருந்தால் அவர் அப்பம் பிட்டதைக் கண்டிரார், ஆண்டவரை அறிந்திரார். பெந்தகோஸ்து நாளில் தூய ஆவியார் மொழிகளை ஒன்றாக்கிவிடவில்லை. கேட்டவர் ஒவ்வொருவரும் தத்தம் மொழியில் கேட்குமாறு செய்தார். அந்நியரை உபசரிப்பது நம் விசுவாசத்துக்கு அணிகலன் போன்றதன்று; விசுவாசமே அவ்வழியாகத்தான் நமக்கு வந்தது.

செய்யத்தக்கவை பெரிய செலவு வேண்டுபவை அல்ல. மாதந்தோறும் ஒரு பக்கத்தை அண்டை மொழியொன்றின் கதைக்கோ கவிதைக்கோ மொழிபெயர்ப்பு வழி ஒதுக்கலாம்; கன்னடத்திலிருந்தே தொடங்கலாம். எழுதத் தெரியாத பெரியவர் வாயால் சொல்லக் கேட்டு எழுதித் தரும் பணியை ஒவ்வோர் அன்பியத்திலும் ஓர் இளைஞர் ஏற்கலாம். அப்பேச்சைத் திருத்தி வெளுக்காமல் அச்சிடும் பொறுமை ஆசிரியருக்கு வேண்டும். வாசகர் கடிதப் பகுதியில் பாராட்டுகளோடு மறுப்புகளுக்கும் இடம் தரலாம். இம்மூன்றும் பொதுநிலையினர் கேட்டாலன்றி நடவா. இதழ் ஆசிரியருக்கு அஞ்சலட்டை ஒன்று எழுதி இதைக் கேட்கும் உரிமை சந்தா செலுத்தும் ஒவ்வொருவருக்கும் உண்டு.

காவிரி நீரைப் பற்றிய வழக்கு நீதிமன்றத்திலும் ஆணையத்திலும் தீர வேண்டியது. 2018-இல் உச்ச நீதிமன்றம் தீர்ப்பு வழங்கிய பின்னரும் மழை பொய்த்த ஆண்டுகளில் பூசல் எழவே செய்கிறது, இனியும் எழக்கூடும். நம் பங்கு நீரைக் கேட்பதில் நாம் தளர வேண்டியதில்லை. ஆனால் அணையைத் திறக்குமாறு கேட்கும் கடைமடை மக்களாகிய நம்மால் இன்றே திறக்கக்கூடியது ஒன்று உண்டு. தமிழ் பேசிய மாஸ்திக்கும், மலையாளம் பேசிய சாராவுக்கும், உருது பேசிய பானுவுக்கும் இடம் தந்த ஒரு மொழியின் எழுத்துக்கு, அடுத்த மாத இதழில் நம் பக்கங்களுள் ஒன்றைக் கொடுப்போம்.